அந்தத் திரையை நம்பாதீர்கள்

கல்யாண வீடுகளில் கேமராவின் மேல் ஐந்து அங்குலத் திரையுள்ள சின்னப் பெட்டி ஒன்றை மாட்டி வீடியோ எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பலரும் அதை வெறும் மானிட்டர் என்றே நினைக்கிறார்கள். சில பெட்டிகள் அவ்வளவுதான். சிலவற்றில் எஸ்எஸ்டி பொருத்தலாம். எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கேமராவிலிருந்து வரும் படத்தைக் காட்டுவதோடு, அதை எஸ்எஸ்டியில் பதிவும் செய்யும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2010-ல் தொடங்கிய அடோமோஸ் நிறுவனத்தின் நிஞ்ஜா வரிசை இந்த ரகத்தில் பெயர் பெற்றது.

கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு, "வீட்டு விசேஷத்தை இதில் நானே எடுக்கலாமா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. தாராளமாக எடுங்கள். ஆனால் அந்தத் திரையை மட்டும் நம்பாதீர்கள்.

என் அப்பத்தா நடவுப் பாட்டுகள் பாடுவார். அதை நல்ல தரத்தில் எடுத்து வைக்க ஒரு ரெக்கார்டரை வாடகைக்கு எடுத்துப் போனேன். திண்ணையில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் எடுத்தேன். திரையில் அப்பத்தா முகத்தின் மேல் ஒரு பச்சைக் கட்டம் இருந்தது. ரெக்கார்டர் காட்டும் அடையாளம்தானே, பதிவில் வராது என்று விட்டுவிட்டேன். ஊர் திரும்பிக் கம்ப்யூட்டரில் திறந்தால், இரண்டு மணி நேரமும் கட்டம் முகத்திலேயே இருக்கிறது! அடுத்த பொங்கலுக்கு மறுபடி எடுக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் அப்பத்தா போய்விட்டார்.

நடந்தது இதுதான். ஃபோகஸ் ஆன ஓரங்களுக்கு நிறம் கொடுக்கும் பீக்கிங், வெளிச்சம் மிகுந்த இடத்தில் கோடு போடும் ஜீப்ரா போன்றவற்றை ரெக்கார்டர் தன் திரையில் மட்டும் வரைகிறது. அவை பதிவாவதில்லை. ஆனால் கேமரா வரைந்து அனுப்பும் ஃபோகஸ் கட்டம், பேட்டரி அடையாளம் எல்லாம் எச்டிஎம்ஐ வழியாகப் படத்தோடு கலந்தே வருகின்றன. ரெக்கார்டருக்கு அதுவும் படம்தான். ஒரே திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரிவதால் நமக்கு வித்தியாசம் புரிவதில்லை.

சரிசெய்வது ஒரு நிமிட வேலை. கேமரா மெனுவில் எச்டிஎம்ஐ பகுதிக்குப் போங்கள். சோனி கேமராக்களில் 'எச்டிஎம்ஐ இன்ஃபோ டிஸ்பிளே' என்று இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். மற்ற கேமராக்களில் வேறு பெயரில் இருக்கலாம். பிறகு ஒரு நிமிடம் பதிவு செய்து, அந்த ஃபைலை உங்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். ரெக்கார்டரிலேயே போட்டுப் பார்த்தால் போதாதா என்பீர்கள். அந்தச் சின்னத் திரையில் ஃபோகஸ் லேசாகத் தவறியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அலுவலகத்தில் டெஸ்ட் செய்யாத புரோகிராமை வெளியே விடாத நான், வீட்டில் இதைச் செய்யவில்லை.

கேமராவுக்குள்ளும் ஒரு மெமரி கார்டு போட்டு, கூடவே பதிவு செய்யுங்கள். பெரும்பாலான கேமராக்களில் இது முடியும், கார்டில் பதிவாகும் படத்தில் கட்டம் வராது. எஸ்எஸ்டி இருக்கும்போது கார்டு எதற்கு என்று நினைத்தது என் இரண்டாவது தப்பு.

ஹார்ட் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்றும் முதலிலேயே பாருங்கள். புரோரெஸ் 422 எச்க்யூ முறையில் 1080 தரத்தில் விநாடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 83 ஜிபி ஆகும். 500 ஜிபி டிஸ்கில் சுமார் ஆறு மணி நேரம்தான் தாங்கும். விண்டோஸில் உள்ள பிளேயரில் ஃபைல் திறக்காவிட்டால் விஎல்சியில் திறந்து பாருங்கள்.

அந்தக் கட்டத்தை அழிக்க என்னென்னவோ செய்து பார்த்தேன், முகமும் சேர்ந்து மங்குகிறது. ஒலி மட்டும் சுத்தமாக இருந்தது. பாட்டுகளைத் தனியாக எம்பி3 ஆக்கிச் சித்தப்பாவுக்குக் கொடுத்தேன். படம் எங்கே என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.