ஒரே வார்டு, இரண்டு சம்பளம்

கோடம்பாக்கம், வடபழனி தனியார் மருத்துவமனைகளில் மலையாள நர்ஸ், வடகிழக்கு ஊழியர், தமிழ் ஆயா எல்லோரும் ஒரே வார்டில். சண்டை வந்தால் நிர்வாகம் மொழிமேல் பழிபோட்டுப் பயிற்சி வகுப்பு நடத்தும் (சமோசாவும் உண்டு). பாதிச் சண்டைக்கு மொழி காரணமே இல்லை என்பேன். 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் அரசு ஒப்பந்த நர்ஸ்கள் போராடத் திரண்டார்களே, அவர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய். அதே வேலை பார்த்த நிரந்தர நர்ஸுக்குப் பல மடங்கு. இத்தனைக்கும் இரு தரப்பும் பேசியது தமிழ். இந்த ஏற்றத்தாழ்வு வாயையும் கட்டிப்போடும். அறுவை சிகிச்சைக்கு முன் குழுவில் எல்லோரும் பெயரும் பொறுப்பும் சொல்ல வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியல். நல்லதுதான். ஆனால், பெரிய டாக்டரை 'கொஞ்சம் நில்லுங்க சார்' என்று தடுக்கும் ஒப்பந்த நர்ஸுக்கு அடுத்த மாதமும் வேலை இருக்கும் என்ற உறுதியை நிர்வாகம்தான் எழுதித் தர வேண்டும்.