விசா விற்றவனைக் கேளுங்கள்

டூரிஸ்ட் விசாவில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்ச் சிக்கிக்கொண்டால் தப்பு போனவனுடையதுதான், விதி தெரியாதா என்கிறார்கள். எனக்கு இந்த வாதத்தைக் கேட்டாலே கோபம் வருகிறது.

பத்தாம் வகுப்பு தேறாதவருக்குக் கிடைப்பது இசிஆர் பாஸ்போர்ட். சவுதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர் அரசின் முன் அனுமதி பெற வேண்டும். பதிவான ஒப்பந்தம், 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு எல்லாம் அந்த அனுமதியோடுதான் வருகின்றன. சுற்றுலா போகிறவருக்கு அது தேவையில்லை. இந்த ஓட்டையைத் தெரிந்து பயன்படுத்துகிறவன் ஏஜென்ட். நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவருக்கு, கையில் இருப்பது எந்த விசா என்பதே பல நேரம் தெரியாது. புறப்படும் நாளில்தானே அந்தத் தாளையே கண்ணில் காட்டுகிறார்கள்!

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். ஊர்ப்பக்கம் லட்சக்கணக்கில் கறக்கிறார்கள், ரசீதும் கிடையாது. பதிவில்லாமல் ஆள் அனுப்பினால் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டாண்டு வரை சிறை உண்டு. அபராதமோ அதிகபட்சம் 2,000 ரூபாய். ஒருவரிடம் பிடுங்கியதில் அது எத்தனையில் ஒரு பங்கு? விதி பேசுகிறவர்கள் முதலில் அந்தத் தொகையை உயர்த்தச் சொல்லிப் பேசட்டும்.