முதல் தொப்பியோடு ஏன் நின்றுவிடுகிறோம்?



பின்னல் பழகுகிற ராத்தாமார், தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

கொரோனா முடக்க காலத்தில் யூடியூப் பார்த்து ஊசி பிடித்தவர்கள் நம்மூரில் நிறையப் பேர். நாங்களும் அப்படித்தான் திரும்பத் தொடங்கினோம். கொக்கி ஊசியால் ஒரு பூ, இரண்டு ஊசியால் ஒரு மப்ளர், பிறகு பிள்ளைக்கு ஒரு தொப்பி. படம் எடுத்துப் போட்டால் "மாஷா அல்லாஹ், சூப்பர்" என்று வரிசையாக வரும். அந்தத் தொப்பியோடு பலருடைய படிப்பு முடிந்துவிடுகிறது. இன்றைக்கும் அதே தொப்பி, அதே பூ. நிறம் மட்டும்தான் மாறுகிறது.

இது கைத்திறன் குறைவு இல்லை. பின்னியதைப் பிரிப்பதை நாம் வெட்கமாக நினைக்கிறோம், அதுதான் காரணம் என்பது எங்கள் கருத்து. இந்தப் பழக்கத்தை வளர்த்ததில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு. பயிற்சிக் கல்லூரியில் கைப்பணி ஒப்படைக்கு மாதிரித் துண்டுகள் பின்னிக் கோவையில் ஒட்டிக் கொடுத்தோம். முடிந்த துண்டுக்குத்தான் புள்ளி. எத்தனை தரம் பிரித்தோம், எங்கே பிழைத்தது என்று யாரும் கேட்டதில்லை. (சிலருடைய துண்டை உம்மாதான் பின்னிக் கொடுத்தார் என்பது வேறு கதை.) இப்போது வகுப்பில் பிள்ளைகளிடமும் நாங்கள் அதையேதான் கேட்கிறோம்.

இதில் காசும் இருக்கிறது. எங்களோடு பழகுகிற ஒரு ராத்தா, பன்னிரண்டு பிள்ளைத் தொப்பிக்கு ஓடர் எடுத்தார். வீடியோவில் 70 கண்ணி போடச் சொன்னார்கள், அவரும் 70 போட்டார். இரவிரவாகக் கண் விழித்துப் பின்னிக் கொடுத்தார். ஒன்றும் தலையில் ஏறவில்லை. பன்னிரண்டும் திரும்பி வந்தன. ஊல் வாங்கியது கடன் காசு. அன்றைக்கு ஊசியை அலுமாரிக்குள் வைத்தவர்தான், பிறகு எடுக்கவே இல்லை.

அவர் பின்னலில் ஒரு கண்ணி கூடப் பிழையில்லை. பிழைத்தது கணக்கு. பிறந்த பிள்ளையின் தலைச்சுற்று ஏறத்தாழ 35 செ.மீ. வீடியோவில் இருந்தவருடைய நூலுக்கும் கைக்கும் 10 செ.மீ.க்கு 20 கண்ணி வந்திருக்கும், அதனால் 70 கண்ணி 35 செ.மீ. ஆகிறது. நம்முடைய ராத்தாவுக்குக் கை இறுக்கம், நூலும் மெல்லியது. 10 செ.மீ.க்கு 24 கண்ணி விழுந்தது. அதே 70 கண்ணி அவருக்கு 29 செ.மீ.தான். ஆறாம் தரத்துப் பிள்ளைக்கு நாங்கள் படிப்பிக்கிற விகிதக் கணக்கு இது.

ஆகவே எதையும் தொடங்க முன், அதே நூலில், அதே ஊசியில் ஒரு சதுரத் துண்டு பின்னுங்கள். 10 செ.மீ.யை விடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். கழுவிக் காய வைத்து, நடுவில் அடிமட்டத்தை வைத்து 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். ஒரு மணித்தியாலம் வீண் என்று தோன்றும். பன்னிரண்டு தொப்பியை நினைத்துக் கொள்ளுங்கள்.

மருதமுனை நமக்குப் பக்கத்தில்தான். அங்கே தறிக்காரர்கள் பாவு பூட்ட முன் எத்தனை இழை, எந்த நிறம், எந்த இடத்தில் என்று எண்ணி வைத்துக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாவில் ஓர் இழை மாறினால் சேலை முழுவதும் அது கோடாக ஓடும், திருத்துவது லேசு இல்லை. 1977இன் திறந்த பொருளாதாரத்தையும் 2004 சுனாமியையும் கண்டு இன்னும் மூச்சு விடுகிற தொழில் அது. பின்னுகிற நமக்கோ எந்த இடத்திலும் நூலை இழுத்துப் பிரித்துத் திரும்பத் தொடங்கலாம். அந்த வசதி இருந்தும் நாம்தான் எண்ணாமல் தொடங்குகிறோம், பிழைத்தபின் பிரிக்கவும் மாட்டோம்.

பிரிப்பதிலும் வித்தை இருக்கிறது. பத்து வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி நழுவியிருந்தால் பத்து வரிசையையும் அவிழ்க்கத் தேவையில்லை. அந்த ஒரு கண்ணிக்கு நேரே மேலே உள்ளவற்றை மட்டும் இறக்கி, கொக்கி ஊசியால் ஏணிப்படி போல ஒவ்வொன்றாக மேலே தூக்கி வரலாம். கடினமான டிசைன் தொடங்க முன், வேறு நிற மெல்லிய நூல் ஒன்றை அந்த வரிசையின் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்து விடுங்கள். பிறகு எவ்வளவு பிழைத்தாலும் அவிழ்க்கிற பின்னல் அந்த நூலில் வந்து நிற்கும். பிரித்த நூல் சுருண்டு போனால் கழியாகச் சுற்றி, நனைத்து, தொங்கவிட்டுக் காய வைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும்.

"இந்த வெயிலுக்குள் பின்னல் யாருக்கு?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் போட்டிருக்கிற பெனியனை விரலால் இழுத்துப் பாருங்கள். அது நெய்தது இல்லை, மெஷினில் பின்னியது. டீசேர்ட்டும் அப்படித்தான். சூடு பின்னலால் வருவதில்லை, நூலால் வருகிறது. கடையில் ஊல் என்று வாங்குவது பெரும்பாலும் அக்ரிலிக். பிள்ளைக்குப் பருத்தி நூலில் பின்னிப் பாருங்கள். பருத்தி இழுபடாது என்பதால் கண்ணிக் கணக்கு மாறும், துண்டு பின்னாமல் தொடங்கவே கூடாது. தறிக்கு வரும் பருத்தி மிக மெல்லியது, சில இழைகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னல் வெள்ளைக்காரர் கலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உலகில் கிடைத்திருக்கிற மிகப் பழைய பின்னல்களில், முஸ்லிம் ஆட்சிக் கால எகிப்தின் நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள் முக்கியமானவை. ஸ்பெயினில் 1275இல் இறந்த இளவரசர் பெர்னாண்டோ டி லா செர்டாவின் கல்லறையில் பட்டு நூலில் பின்னிய தலையணை ஒன்று கிடைத்தது. கிறிஸ்தவ அரச குடும்பத்துக்காக முஸ்லிம் கைவினைஞர் பின்னியது என்கிறார்கள். அதில் கூஃபி எழுத்தில் "பரக்கத்" என்று பின்னப்பட்டிருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 20 கண்ணி! நம்முடைய ராத்தாவின் இறுக்கமான கைக்கே ஓர் அங்குலத்துக்கு ஆறுதான். எழுத்து வடிவத்தை அவ்வளவு சின்னக் கண்ணியில் எண்ணி எண்ணி வைத்தவர் எத்தனை துண்டைப் பிரித்திருப்பார்?

குழுவில் படம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிழைத்த துண்டையும் போடுங்கள். பார்க்கிறவர்கள் "மாஷா அல்லாஹ்" சொல்லுங்கள், அதோடு மூன்றாவது வரிசையில் ஒரு கண்ணி கூடியிருக்கிறது என்பதையும் தனியே சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டோம்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வழமையான வீட்டில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். அழகாக முடித்ததைக் கொண்டு வராதீர்கள். பிழைத்துப்போய் அலுமாரிக்குள் கிடப்பதைக் கொண்டு வாருங்கள். அடிமட்டமும் கொக்கி ஊசியும் எங்களிடம் இருக்கின்றன. அந்த ராத்தாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு தொப்பியில் மூன்றைப் பிரித்துவிட்டாராம், ஒன்பது பாக்கி.