இரத்தக் குழாயின் விறைப்பு

இரத்தக் குழாய்க்கும் தசை உண்டென்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாயிருக்கும். தமனியின் சுவரில் அமைந்த நுண்ணிய தசை அணுக்களே சுருங்கியும் தளர்ந்தும் இரத்தத்தின் போக்கை ஒழுங்கு செய்கின்றன.

1913-ஆம் வருஷத்தில் ருஷ்ய நிபுணரான அனிச்கோவும் அவருடைய சகாவும், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை முயல்களுக்கு ஊட்டினர். அம்முயல்களின் தமனிச் சுவரிலே கொழுப்புப் படிந்து தடித்திருக்கக் கண்டனர்.

படிவதோடு கேடு நிற்பதில்லை. கொழுப்பை உட்கொண்ட தசை அணு, தன் தொழிலை விட்டு, நுரைபோல் உப்பிவிடுகிறது. வயது ஏறுவதாலும் இரத்தக் கொதிப்பாலும் சுவர் விறைக்கும்போதோ, அவ்வணுக்கள் பெருகி, நார்ப் பொருளை மேலும் மேலும் உண்டாக்குகின்றன. அதனால் சுவர் இன்னும் விறைக்கிறது. விதையும் மரமும்போல் ஒன்றை ஒன்று வளர்க்கின்றன.

இவ்வளவும் நடக்கையில் பெரும்பாலும் வலியே தெரிவதில்லை; அபாயம் அதில்தான் இருக்கிறது. ஆகையால் சௌக்கியமாயிருப்பதாக எண்ணும்போதே இரத்த அழுத்தத்தையும் கொலஸ்ட்ராலையும் வைத்தியரிடம் சோதித்துக்கொள்ள வேண்டும். புகையிலையை விலக்குவோம், உப்பைக் குறைப்போம், தினமும் நடப்போம். உழைக்கும் வயதில் ஒருவர் சாய்ந்தால் நஷ்டம் குடும்பத்தோடு போவதில்லை; தேசமும் ஓர் உழைப்பாளியை இழக்கிறது.