லிண்ட்பெர்க் பொய் சொல்லவில்லை

மாற்று வரலாற்றுப் புனைவுகளைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வந்து விழுகிறது: இந்த வேட்பாளர் தாம் சொன்னதை உளமார நம்பினாரா, ஓட்டுக்காகச் சொன்னாரா? நம்பியவர் என்றால் மேலோர், இல்லையென்றால் சந்தர்ப்பவாதி. நம்பியவர் அதிபராகியிருந்தால் உலகம் உருப்பட்டிருக்கும் என்று மேற்கொண்டு ஒரு பெருமூச்சு. இந்தக் கணக்கு எங்களுக்கு உடன்பாடில்லை. அது எவ்வளவு பிழையானது என்று காட்ட 1940ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தல் ஒன்றே போதும்.

அந்தத் தேர்தலைத்தான் ஃபிலிப் ராத் 2004இல் வெளிவந்த 'தி ப்ளாட் அகெய்ன்ஸ்ட் அமெரிக்கா'வில் கலைத்து அடுக்கினார். முடிவெடுக்க இயலாமல் தடுமாறும் குடியரசுக் கட்சி மாநாட்டுக்குள் நள்ளிரவில் விமானி சார்ல்ஸ் லிண்ட்பெர்க் நுழைகிறார், வேட்பாளராகிறார், ரூஸ்வெல்ட்டைத் தோற்கடிக்கிறார். நியூவார்க் நகரின் ஒரு யூதக் குடும்பம் அச்சத்தில் ஒடுங்கத் தொடங்குகிறது. அச்சம் ஒரு வீட்டின் சமையலறைவரை எப்படி வருகிறது என்பதை ராத் அளவுக்கு எழுதியவர்கள் குறைவு. அதில் எங்களுக்கு மறுப்பில்லை.

மறுப்பு வேறிடத்தில். நாவலின் பிற்பகுதியில் லிண்ட்பெர்க்கின் நடத்தைக்கு ஒரு விளக்கம் தரப்படுகிறது: கடத்தப்பட்ட அவருடைய குழந்தை நாஜிகளின் பிடியில் உயிரோடு இருக்கிறது, அதைக் காட்டி மிரட்டியே அவரை ஆட்டுவித்தார்கள் என்று. செவிவழிக் கதையாகத்தான் ராத் இதைச் சொல்கிறார், உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் அது ஏன் அங்கே இருக்கிறது? ஒரு மனிதர் மிரட்டலும் பேரமும் இன்றி, முழு நம்பிக்கையோடு, இப்படிப்பட்ட அரசியலைச் செய்யக்கூடும் என்பதை ஏற்க நாவலுக்கே மனம் வரவில்லை போலும்.

மெய்யான லிண்ட்பெர்க்குக்கு மிரட்டல் தேவைப்படவில்லை. 1938இல் கோரிங் கையால் பெற்ற பதக்கத்தை அவர் திருப்பித் தரவில்லை. 1941 செப்டம்பர் 11 அன்று டெமாய்ன் நகரில், நாட்டைப் போருக்குள் தள்ளுவோர் பிரிட்டிஷார், யூதர்கள், ரூஸ்வெல்ட் அரசு என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது, பின்வாங்கவில்லை. புகழ் போயிற்று, கவலைப்படவில்லை. ஓட்டுக்காகப் பேசுகிறவர் இப்படிச் செய்வாரா? உளத்தூய்மைதான் அளவுகோல் என்றால் அந்தக் காலத்து மேடைகளில் முதல் பரிசு அவருக்கே போகவேண்டும்.

இனி, நாவல் ஓரமாகத் தள்ளிவிட்ட மனிதரைப் பார்ப்போம். 1940இல் குடியரசுக் கட்சியின் மெய்யான வேட்பாளர் வெண்டல் வில்க்கி. அதற்குமுன் எந்தத் தேர்தலிலும் நின்று வென்றவரல்லர். மின் நிறுவனத் தலைவர். 1939வரை ஜனநாயகக் கட்சிக்காரர். சந்தர்ப்பவாதி என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்க்கைக் குறிப்பு உண்டா? ஆனால் அந்த ஆகஸ்டில், கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்தால் தம் கட்சியின் ஓட்டு முழுதும் குவியும் என்று தெரிந்தும், அதை ஆதரித்துப் பேசினார். அக்டோபரில், தோற்றுவிடுவோம் என்ற கலக்கத்தில், ரூஸ்வெல்ட் வென்றால் உங்கள் பிள்ளைகள் படைக்கப்பல் ஏறவேண்டியிருக்கும் என்ற தொனியில் முழங்கினார். ரூஸ்வெல்ட் என்ன செய்தார்? அக்டோபர் 30 அன்று பாஸ்டனில், உங்கள் பிள்ளைகளை அந்நியப் போர்களுக்கு அனுப்பமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். 'தாக்கப்பட்டாலொழிய' என்று கட்சி அறிக்கையில் இருந்த விலக்கை வசதியாக விழுங்கிவிட்டார். இருவரும் மேடையில் நின்று, தாம் நம்பாததைப் பேசினார்கள். வில்க்கிக்கு 82 தேர்வாளர் வாக்குகள், ரூஸ்வெல்ட்டுக்கு 449.

1941 பிப்ரவரியில் பிரிட்டனுக்கு ஆயுதம் வழங்கும் மசோதாவை ஆதரித்து வில்க்கி செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, அந்த அக்டோபர்ப் பேச்சை எடுத்துக்காட்டி மடக்கினார்கள். அது தேர்தல் மேடைப் பேச்சுத்தான் என்று ஒப்புக்கொண்டார். அவர் பச்சோந்திதான் என்பதற்கு அந்த ஒரு பதிலே சான்று என்பார்கள் சிலர். எங்களுக்கோ, அந்த மசோதா மார்ச் மாதம் சட்டமானது பெரிதாகப் படுகிறது.

ராத்துக்கும் இது தெரியாமலில்லை. நாவலில் லிண்ட்பெர்க்கை வெளிப்படையாக எதிர்த்து நிற்பவர் வால்டர் வின்செல்: கிசுகிசு எழுதிப் பேரெடுத்தவர், விளம்பரப் பிரியர். அவர் கொல்லப்பட்டபின் லாகார்டியா நிகழ்த்தும் இரங்கலுரை அவருடைய குறைகளை ஒன்றுவிடாமல் அடுக்குகிறது. நாவலின் மிகச் சிறந்த பக்கங்கள் அவை என்பது எங்கள் துணிபு. மறுபுறம், லிண்ட்பெர்க்குக்கு நற்சான்று வழங்கும் ராபி பெங்கல்ஸ்டார்ஃப் தாம் சமூகத்துக்கு நன்மை செய்வதாகவே நம்புகிறார். வாசகர்கள் வின்செலைக் கண்டு முகம் சுளித்து, ராபியை வெறும் பதவிப் பித்தர் என்று ஒதுக்கிவிட்டுப் போவதுதான் வியப்பு.

வில்க்கி வென்றிருந்தால் என்ற நாவலையும் யாராவது எழுதவேண்டும். வரலாறு அதற்கு ஒரு விசித்திரமான முடிச்சை ஆயத்தமாக வைத்திருக்கிறது. அவருடைய துணை அதிபர் வேட்பாளர் சார்ல்ஸ் மெக்நாரி 1944 பிப்ரவரியில் இறந்தார். வில்க்கியே அந்த அக்டோபரில் இறந்தார். அன்றிருந்த 1886ஆம் ஆண்டுச் சட்டப்படி, போரின் நடுவே அதிபர் பொறுப்பு வெளியுறவு அமைச்சரிடம் போயிருக்கும். அந்த நாற்காலியை வில்க்கி யாருக்குக் கொடுத்திருப்பார்? தம் கொள்கைக்கு உகந்தவருக்கா, மாநாட்டில் தம்மை ஆதரித்ததற்குக் கூலி கேட்டு நின்றவருக்கா?