கழுத்து கடுக்கிறதா? கேமரா பெல்ட்டை முதலில் பாருங்கள்!

கேமரா வாங்கும்போது லென்ஸைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறோம். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், எந்த மெமரி கார்டு நல்லது என்று யூடியூபில் பத்து வீடியோ பார்க்கிறோம். ஆனால், அந்தக் கேமராவை நாள் முழுக்கத் தாங்கப்போகிற பெல்ட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெட்டிக்குள் இருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். கம்பெனி பெயரைப் பெரிதாக எழுதிய அந்தப் பெல்ட், உங்கள் கழுத்தைவிட அவர்கள் விளம்பரத்துக்குத்தான் அதிகம் உழைக்கிறது!

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்யாண வீடு என்றால், போட்டோகிராஃபருக்கு முந்தின நாள் சாயங்காலமே வேலை தொடங்கிவிடும். மறுநாள் விடியற்காலை மணப்பெண் அலங்காரம், பிறகு முகூர்த்தம், பந்தி, குடும்பப் படங்கள், மாலையில் ரிசப்ஷன். பத்து, பன்னிரண்டு மணி நேரம் கேமரா உடம்பைவிட்டு இறங்காது. 'கழுத்து கடுக்கு' என்று சொல்லிக்கொண்டே அடுத்த மண்டபத்துக்குப் போகிறவர்கள் உண்டு. கழுத்தும் தோளும் முடங்கினால் அன்றைய வருமானமும் முடங்கிவிடும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

எவ்வளவு எடை தெரியுமா?

ஆரம்பக்காரர்கள் வாங்கும் கேனான் 1500டி, கூடவே வரும் 18-55 லென்ஸுடன் சுமார் 675 கிராம். இதற்குப் பெட்டியில் வந்த பெல்ட்டே போதும்.

கல்யாண வேலைக்கு இரண்டு கேமரா வேண்டும். கேனான் 5டி மார்க் 4 இரண்டு. ஒன்றில் 24-70 லென்ஸ், இன்னொன்றில் 70-200 லென்ஸ் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 4 கிலோ. ஃப்ளாஷ் தனி. சோனி ஏ7 4 மாதிரியான மிரர்லெஸ் கேமராவில், இதே அளவு புது லென்ஸ்களைப் போட்டாலும் 3 கிலோவுக்குக் குறையாது.

நம் தலையே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அதைத் தாங்குகிற வேலையே கழுத்துக்குப் போதுமானது. கேமராவையும் அங்கேயே தொங்கவிட்டால் எடை முன்பக்கமாக இழுக்கும், தலை முன்னால் சாயும். பின்கழுத்துத் தசை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் வருகிற வலி அந்தத் தசையின் புகார்தான்.

அப்படியென்றால் கழுத்தில் மாட்டும் பழக்கம் எப்படி வந்தது? ஸ்டுடியோக்களில் ஒரு காலத்தில் இருந்த ரோலிஃப்ளெக்ஸ், யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராக்களை நினைத்துப்பாருங்கள். வயிற்றருகே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்துப் படம் எடுப்பார்கள். பெல்ட்டைக் கழுத்தில் மாட்டிக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தால் கேமரா ஆடாமல் நிற்கும். அங்கே அது வேலைக்கான கருவி. இன்றைக்குக் கேமரா கண்ணுக்குப் போய்விட்டது, பெல்ட் மட்டும் கழுத்திலேயே தங்கிவிட்டது.

குறுக்காக மாட்டுங்கள்

செலவில்லாத முதல் மருந்து இதுதான். ஒரு தோளில் போட்டு, மார்புக்குக் குறுக்காக இறக்கி, எதிர்ப்பக்க இடுப்பில் கேமரா நிற்கும்படி மாட்டுங்கள். எடை கழுத்தைவிட்டுத் தோளுக்கும் முதுகுக்கும் பிரிந்துபோகும். மணிக்கு ஒருமுறை தோளை மாற்றிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் வரும் பெல்ட் பெரும்பாலும் இப்படி மாட்டுகிற நீளத்துக்குப் போதாது. அதனால், புதிதாக வாங்கும்போது 'ஸ்லிங்' வகையாகக் கேளுங்கள். இரண்டு கேமரா வைத்திருப்பவர்களுக்கு, இரண்டு தோளிலும் மாட்டி முதுகில் இணைகிற 'ஹார்னெஸ்' நல்லது.

கடையில் பார்க்க வேண்டியவை

அகலம்: எடை அதே எடைதான். ஆனால், பட்டை அகலமானால் அழுத்தம் பரவும். ஒரு கிலோவைத் தாண்டினால் தோளில் படும் இடம் நாலைந்து சென்டிமீட்டர் அகலமாவது இருக்கட்டும். ஓரம் கூர்மையாக இருந்தால், எத்தனை அகலமானாலும் சட்டைக் காலருக்கு மேலே தோலை அறுக்கும்.

துணி: நியோப்ரீன் பஞ்சுபோல மெத்தென்று இருக்கும். ஆனால், நடக்கும்போது ரப்பர்போல இழுபட்டுக் கேமராவைத் துள்ளவைக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும் சேரும். தோல் பெல்ட் பார்க்க அழகு. வியர்வையிலும் கடல் காற்றிலும் தொடர்ந்து அடிபட்டால் விறைத்துப்போய் வெடிக்கும். கன்னியாகுமரி, முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடற்கரையில் அடிக்கடி எடுப்பவர்களுக்கு நைலான்தான் வசதி. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் போதும்.

நீளம்: கேமரா இடுப்பெலும்புக்கு அருகில் நிற்கட்டும். அதற்கும் கீழே போனால் நாற்காலியிலும் கார் கதவிலும் இடிபடும்.

பூட்டு: கேமராவின் இரு ஓர வளையங்களில் மாட்டும் பெல்ட் பாதுகாப்பானது. அடியில் உள்ள ட்ரைபாட் துளையில் திருகி மாட்டும் வகையில், நடக்க நடக்கத் திருகு தளரும். அவ்வப்போது கையால் இறுக்கிப் பாருங்கள். வளையத்தோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புக் கயிறும் இருந்தால் நிம்மதி. பக்கிளில் பட்டையின் நுனியை உள்பக்கமாகத் திருப்பிக் கோத்துவிட்டால் சீக்கிரம் உருவிக்கொண்டு வராது. 115 அடி உயர மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நின்று கீழே எட்டிப் பார்க்கும்போது இதன் அருமை தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் கேமராவையே கடைக்கு எடுத்துப்போய், மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்துபாருங்கள். வெறும் பெல்ட்டைத் தொட்டுப்பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பறவை பார்ப்பவர்களுக்கு

சுசீந்திரம் - தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கூழைக்கடாவையும் நாரையையும் படமெடுக்க வருபவர்களின் கையில் நீளமான லென்ஸ் இருக்கும். நிக்கான் 200-500 லென்ஸ் மட்டும் 2.3 கிலோ. டி7500 கேமராவோடு சேர்த்தால் 3 கிலோ. இதைக் கேமராவின் வளையத்தில் தொங்கவிட்டால், முன்பாரம் முழுவதும் லென்ஸ் மாட்டும் இடத்தை இழுக்கும். லென்ஸுக்கு அடியில் உள்ள காலில் பெல்ட்டை மாட்டுவதே சரி.

சூரிய உதயத்தை ட்ரைபாட் வைத்து எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடற்கரைக் காற்றிலும், ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றிலும் தொங்குகிற பெல்ட் படபடத்துக் கேமராவை ஆட்டும், படம் கலங்கும். சட்டென்று கழற்றி மாட்டும் க்ளிப் உள்ள பெல்ட் இங்கே கைகொடுக்கும்.

போனுக்கும் இதே கதைதான்

கேமரா இல்லை, போன்தான் என்கிறீர்களா? விவேகானந்தர் பாறைக்குப் படகில் ஏறும்போதும், அங்கிருந்து வள்ளுவர் சிலைக்குப் போகும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் செல்ஃபி எடுக்கும்போதும் போனுக்கு ஒரு கயிறு இருப்பது நல்லது. பெரும்பாலான கயிறுகள் போன் கவரைத்தான் பிடித்திருக்கின்றன, போனை இல்லை. கவர் தொளதொளவென்று இருந்தால் கவர் கையில் இருக்கும், போன் கடலில் இருக்கும்!

குழந்தைகள் கையில் கேமரா கொடுக்கும்போது கழுத்தில் மாட்டிவிடாதீர்கள். ஓடும்போது எதிலாவது சிக்கினால் ஆபத்து. மணிக்கட்டில் மாட்டும் சின்னக் கயிறு போதும். பெரியவர்களும் பைக் ஓட்டும்போது கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பெல்ட்டை மாற்றியும் வலி குறையவில்லை, கை மரத்துப்போகிறது, விரல்களில் ஊசி குத்துவதுபோல இருக்கிறது என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள்.

சில நூறு ரூபாயிலேயே நல்ல நைலான் ஸ்லிங் கிடைக்கிறது. அடுத்த லென்ஸுக்குப் பணம் சேர்க்கிறீர்களா? அதில் கொஞ்சம் எடுத்து முதலில் உங்கள் தோளுக்குச் செலவு செய்யுங்கள். லென்ஸை விற்று வேறு வாங்கலாம், கழுத்தை மாற்ற முடியாது.