விலங்கும் வில்லையும்

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. ஓடித் தப்ப முடியவில்லை அவர்களால், கால்களிலே சங்கிலி! கருகி மாண்டோர் 28 பேர். தாயத்து காத்ததா? மந்திரித்த நீர் காத்ததா?

சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வடிவிலும் தடுக்கிறது. விலங்கு பூட்டிய கையிலே இன்று மாத்திரை வில்லை. அறிவியலின் வெற்றி அது, மறுப்பார் யார்? ஆனால், வில்லையைக் கொடுத்துவிட்டு மனிதனை மறப்பது வெற்றியாகுமா?

தறியிலே உழைப்பவன் மருந்துண்கிறான். நா வறள்கிறது, கை நடுங்குகிறது, பகலெல்லாம் உறக்கம். முதலாளி "சோம்பேறி" என்கிறான். வீட்டாரோ "பேசாமல் விழுங்கு" என்கின்றனர். மருத்துவரிடம் கூறலாமென்றால், வரிசையோ நீளம், நேரமோ சொற்பம். எவருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறான், நோய் திரும்புகிறது. உடனே ஊர் உரைக்கிறது: "மருந்து கேட்காது, மந்திரவாதியிடம் போ!" நம் அலட்சியமன்றோ மூடநம்பிக்கைக்கு முடிசூட்டுகிறது!

இங்கேதான் வேண்டும் சமூகப் பணியாளர். மாத்திரையை எண்ணும் கங்காணியாக அல்ல. நோயாளியின் சொல்லை மருத்துவரின் செவியிலே சேர்க்கும் தோழராக! மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. லித்தியம் உண்பவருக்கு இரத்தத்தில் அதன் அளவு பார்க்கப்பட்டதா, குளோசபின் உண்பவருக்கு வெள்ளணுக்கள் எண்ணப்பட்டனவா என்று கேட்பது இவர் வேலை. பேருந்துக் கட்டணமின்றித் தவணை தவறியதா என்று விசாரிப்பது இவர் வேலை. "நிறுத்தப்போகிறேன்" என்பவரை அதட்டாமல், "ஏன்?" என்று கேட்டு, திடீரென நிறுத்தினால் நேரும் கேட்டை விளக்கி, மருத்துவரிடம் அழைத்துச் சென்று மாற்றுவழி பேசவைப்பதும் இவர் வேலையே.

சலுகையன்று இது; உரிமை! தரப்படும் சிகிச்சை யாது, அதன் பக்கவிளைவுகள் யாவை என்று அறியும் உரிமையை அதே சட்டம் நோயாளிக்கு வழங்கியிருக்கிறது. ஏட்டிலே உறங்கும் உரிமையைத் தட்டி எழுப்புபவர் யார்?

இளைஞர்களே! இரும்புச் சங்கிலியைப் பழிப்பது எளிது. அதட்டலும் ஒரு சங்கிலியே. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலே மனநோயாளிக்குத் துணைநிற்கச் சமூகப் பணியாளர் உண்டா? இல்லையெனில் ஏன் இல்லை என்று கேளுங்கள். எதையும் ஏன், எதற்கு என்று கேட்பதே பகுத்தறிவு என்கிறோம். தன் வாயிலே இடப்படும் மருந்தைக் குறித்து அக்கேள்வியைக் கேட்க, மனநோயாளிக்கு மட்டும் உரிமை இல்லையா?